ஆளுக்கொரு சுவர்

2024 மே மாதத்தில் ஒரு ராத்திரி. எம்.ரெட்டியபட்டியில் கரண்ட் போயிருந்தது. எங்கள் பக்கத்துக் கோடையில் கரண்ட் போனால் வீட்டுக்குள் இருக்க முடியாது. பகல் முழுக்கக் குடித்த வெயிலைச் சுவர் ராத்திரியில்தான் கக்கும். வாசலில் கட்டிலைப் போட்டு அப்பாவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். நான் அன்று காலைதான் பெங்களூரிலிருந்து வந்திருந்தேன். அப்பா கையில் ஒரு போன், தம்பி கையில் ஒரு போன். இரண்டிலும் ஒரே ஐபிஎல் ஆட்டம். தம்பி போனில் பந்து நாலைந்து நொடி முந்தி விழும். அவன் ‘அவுட்’ என்பான், அப்பா அதற்கப்புறம்தான் அவுட்டைப் பார்ப்பார். ‘பொத்திக்கிட்டு இருடா’ என்று சிரித்துக்கொண்டே வைவார்.

ஓவர் முடிந்தது. அப்பா போனில் சிமெண்ட் விளம்பரம் வந்தது. தம்பி போனில் ஒருவன் பணம் கட்டி டீம் போட்டு லட்சம் லட்சமாக ஜெயித்துக்கொண்டிருந்தான்.

அப்பா தன் போனைப் பார்த்தார். எட்டித் தம்பியின் போனைப் பார்த்தார். ‘எனக்கு ஏன்டா அது வரல?’ என்றார்.

தம்பி பதில் சொல்லாமல் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான். 2022இல் அவன் ரம்மியில் விட்ட பணம் ஒரு லட்சத்து எண்பதாயிரம். அம்மாவின் சங்கிலி இன்னும் அடகில்தான் இருந்தது. அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அப்பாவும் வேண்டுமென்று கேட்கவில்லை. அவர் தொழில்காரர், தொழில்காரருக்கு வந்த சந்தேகம் அது. முப்பது வருஷம் சுவர் விளம்பரம் எழுதியவர். ஒரு சுவரில் ஒரு நேரத்தில் ஒரு விளம்பரம்தான் இருக்க முடியும் என்பது அவருக்குத் தெரிந்த உலகம்.

‘நீ பாக்குற வேலையும் இதானாய்யா?’ என்று என் பக்கம் திரும்பினார்.

‘இது இல்லப்பா. இது ஓவருக்கு நடுவுல வர்றது. நான் கிரவுண்டுக்குள்ள இருக்குற போர்டுகள…’ என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அன்றைக்குச் சொல்ல முடியாமல்போனதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

*

அப்பாவை ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆர்ட்டிஸ்ட். நான் ஆர்ட்டிஸ்ட் மவன். அருப்புக்கோட்டை, பந்தல்குடி, திருச்சுழி, மண்டபசாலை என்று சைக்கிளில் போய் எழுதிவிட்டு வருவார். சிமெண்ட், பட்டாசு, ஜவுளிக்கடை, பல்பொடி, எலக்‌ஷன் வந்தால் கட்சிச் சின்னம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக் காயவிடுவார். நூலை நீலப்பொடியில் புரட்டி, ஒரு முனையை நான் பிடிக்க, இழுத்து ஒரு சுண்டு சுண்டுவார். சுவரில் நேர்கோடு விழும். மேலே ஒன்று, கீழே ஒன்று. அதற்குள் சாக்பீஸால் எழுத்தின் எலும்பை மட்டும் வரைந்துகொண்டு பட்டைப் பிரஷ்ஷை எடுப்பார்.

எழுதுவதைவிடச் சுவரைத் தேர்ந்தெடுப்பதில்தான் அவர் சூட்சுமம் இருந்தது. பஸ் எந்த வளைவில் வேகம் குறைக்கும், சன்னலோரம் உட்கார்ந்திருப்பவன் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கும், சாயங்கால வெயில் எந்தச் சுவரில் அடித்துக் கண் கூசும், எல்லாம் மனசில் இருக்கும். ‘செவரு பெருசா இருந்து என்ன பண்ண? பாக்குறவன் எங்க நிக்கான்னு பாரு’ என்பார். வலது கீழ் மூலையில் சின்னதாகத் தன் பேரையும் ஊரையும் போடுவார். ‘…ஆர்ட்ஸ், எம்.ரெட்டியபட்டி.’ விளம்பரத்துக்கு விளம்பரம் அது. எழுத்தில் தப்பு வந்தால் எவனைக் கேட்பது என்பதற்கும் அதுதான் விலாசம்.

பஞ்சாயத்துச் சாலையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ‘பள்ளி மெதுவாகச் செல்’ என்று ரோட்டிலேயே எழுதும் வேலை ஒருமுறை வந்தது. எழுத்துக்களை ஆள் நீளத்துக்கு இழுத்து இழுத்து எழுதினார். நின்று பார்த்தால் கோணல்மாணலாக, வாசிக்கவே வராது. ‘என்னப்பா இப்படி இருக்கு?’ என்றேன். சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு தூரத்திலிருந்து மிதித்து வந்தார். அங்கிருந்து பார்க்கையில் எழுத்து சரியான அளவில் நிமிர்ந்து நின்றது. வண்டிக்காரன் கண் தரையோடு சாய்வாகப் போவதால் எழுத்து அமுங்கித் தெரியும், அந்த அமுங்கலை முன்கூட்டியே ஈடுகட்டத்தான் நீட்டி எழுதுவது. அப்பா ஒன்பதாவது வரை படித்தவர். என் வேலையின் முதல் பாடத்தை நான் அவரிடம்தான் படித்திருக்கிறேன் என்பது எனக்கு இருபது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

கிரிக்கெட் மைதானத்தில் புல்மேல் ஸ்பான்சர் பேர் பெட்டி மாதிரி எழும்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஃபீல்டர் அதில் இடிக்காமல் அதன் மேலேயே ஓடுவார். அது வெறும் பெயிண்ட். பிரதான கேமரா எங்கே இருக்கிறதோ அந்த ஓர் இடத்துக்காகக் கணக்குப்போட்டு, நீட்டியும் சாய்த்தும் புல்லில் அடித்தது. வேறு இடத்திலிருந்து பார்த்தால் அது நம்மூர்ப் பள்ளிக்கூட ரோட்டு எழுத்து மாதிரிதான் கோணிக் கிடக்கும். முதன்முதலாக அதை டிவியில் பார்த்தபோது ஊரில் எல்லோரும் ‘எப்படிறா நிக்குது?’ என்று வாய் பிளக்க, அப்பா மட்டும் ‘கேமரா எங்க இருக்குன்னு தெரிஞ்சு எழுதிருக்கான்யா’ என்றார்.

*

அந்தத் தந்திரம் செல்லாமல்போகும் இடத்தில்தான் என் வேலை ஆரம்பிக்கிறது.

டிவிப் படத்தில் இல்லாத ஒன்றைத் தரையில் இருப்பதுபோல் காட்டுவது புதிதல்ல. 1998 செப்டம்பரில் அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்பில் ஒரு மஞ்சள் கோடு வந்தது. மைதானத்தில் அப்படியொரு கோடே கிடையாது. வீரர்கள் அதன்மேல் நடந்தால் கோடு அவர்கள் காலுக்கடியில் போகும். அதே வித்தையில் விளம்பரப் பலகையை மாற்றுவதும் அந்தப் பத்தாண்டில் தொடங்கிவிட்டது. கேமரா எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நொடிக்கு நொடி தெரிந்தால் போதும். மைதானக் கோடுகளே அளவுகோல். கால்பந்தில் கோல் கம்பத்தின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். உலகத்தில் எங்கே போனாலும் அதே அளவு. படத்தில் அது எவ்வளவு சுருங்கிச் சாய்ந்து தெரிகிறது என்று பார்த்தால் கேமரா நிற்கும் இடத்தைக் கணக்குப்போட்டுவிடலாம். அப்புறம் பலகையின் மேல் வேறு படத்தை ஒட்டி, அதற்கு முன்னால் ஓடுகிற ஆளை வெட்டி மேலே வைக்க வேண்டும். ஒரே ஆட்டம் ஜெர்மனியில் பார்ப்பவருக்கு ஒரு விளம்பரத்தோடும் ஆசியாவில் பார்ப்பவருக்கு இன்னொரு விளம்பரத்தோடும் போவது இப்போது சாதாரணம்.

அடுத்த கட்டம், நின்ற இடத்தைவிட்டே கேமராவை விடுவிப்பது. 2001 ஜனவரியில் டாம்பாவில் நடந்த சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் தகேயோ கனாடே முப்பதுக்கும் மேற்பட்ட கேமராக்களை அரங்கத்தைச் சுற்றி வைத்தார். ஆட்டத்தை ஒரு கணத்தில் நிறுத்தி, வீரரைச் சுற்றி வந்து காட்ட முடிந்தது. அங்கே ஒரு கேமராவிலிருந்து அடுத்த கேமராவுக்குத் தாவினார்கள். இப்போது தாவ வேண்டியதில்லை. 2019இல் ஜப்பானில் நடந்த ரக்பி உலகக் கோப்பையில் கேனான் நிறுவனம் காட்டியதுபோல, கேமராவே வைக்க முடியாத இடத்திலிருந்தும், வீரர்களுக்கு நடுவில் நிற்பதுபோல்கூட, பார்க்கலாம்.

எப்படி என்றால், அரங்கத்தைச் சுற்றிப் பல டஜன் கேமராக்கள் ஒரே நொடியில், ஒரே தாளத்தில் படமெடுக்கும். ஒவ்வொரு கேமராவும் ஆட்டக்காரரின் உருவக் கோட்டை மட்டும் கத்தரித்துத் தரும். அந்தக் கோட்டை வெளியில் ஒரு கூம்பாக நீட்டினால், ஆள் அந்தக் கூம்புக்குள் எங்கோ இருக்கிறார் என்று பொருள். எல்லாக் கேமராக்களின் கூம்புகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மிஞ்சுவது ஆளின் உடம்பு. அதன்மேல் நிறத்தைப் பூசினால் முப்பரிமாண மனிதர் தயார். அரங்கம் அசையாதது. அதை முன்பே அளந்து கணினியில் கட்டி வைத்திருப்போம். பார்க்கிறவர் எங்கிருந்து பார்க்கிறாரோ அங்கிருந்து ஒரு படத்தைப் புதிதாக வரைந்து கொடுப்போம். கட்டற்ற நோக்குக் காணொளி என்று தமிழில் சொல்லலாம்.

இங்கே விளம்பரம் வைப்பது ஒரு வகையில் பழைய முறையைவிடச் சுலபம். அரங்கமே கணினிக்குள் கட்டின கட்டடம் என்பதால், பலகைக்குப் பூசிய நிறத்தை மாற்றினால் வேலை முடிந்தது. எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் பலகை அதனதன் சாய்வில் தெரியும். கஷ்டமெல்லாம் நம்பவைப்பதில்தான். கோல்கீப்பரின் தலைமுடி ஓரத்தில் பழைய பலகையின் நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். பந்து வேகமாகப் போகையில் கலங்கித் தெரியும், அந்தக் கலங்கல் வழியாகப் புதுப் பலகை தெரிய வேண்டும். எல்லாவற்றையும்விட நிழல். ஆள் நிழல் பலகைமேல் விழாவிட்டால் பார்க்கிறவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் எதுவோ தப்பு என்று தெரிந்துவிடும். நிழல்தான் என் பிரிவு. மூன்று வருஷமாக நான் பார்ப்பது அதுதான். இல்லாத பலகைமேல் இருக்கிற ஆளின் நிழலை விழவைப்பது. அப்பாவுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. அவர் எழுதிவிட்டு வந்துவிடுவார். நிழலை வேப்பமரம் பார்த்துக்கொள்ளும்.

பார்ப்பவர் நிற்கும் இடம் நமக்குத் தெரியும் என்பதால் இன்னொன்றும் தெரிகிறது. அவர் எந்தப் பலகையை எத்தனை நொடி, எந்தக் கோணத்தில், திரையில் எவ்வளவு பெரிதாகப் பார்த்தார் என்பது. ‘பாக்குறவன் எங்க நிக்கான்னு பாரு’ என்று அப்பா சொன்னதை நாங்கள் எண்ணாக மாற்றிவிட்டோம். பலகையின் பின்பக்கம் போய் நின்றுகொண்டு ஒருவர் பார்த்தால் அவருக்கு மட்டும் பலகை திரும்பி நிற்கலாம். ஒவ்வொருவருக்கும் தனியாக வரைகிறோம் என்பதால் ஒவ்வொருவருக்கும் தனிப் பலகையே வைக்கலாம். அறுபதாயிரம் பேர் உட்காரும் அரங்கத்தில், வீட்டிலிருந்து பார்க்கும் அறுபது லட்சம் பேருக்கு அறுபது லட்சம் சுவர்.

*

இப்போது சுண்ணாம்புச் சுவருக்குத் திரும்பி வர வேண்டும்.

எனக்குப் பத்து வயசு. 2000ஆம் வருஷமாக இருக்கும். அப்போது தமிழ்நாட்டில் லாட்டரி உண்டு. 2003 ஜனவரியில்தான் தடை வந்தது. பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ச்சுவரில் ஒரு லாட்டரிக் கடைக்காக அப்பா எழுதினார். மஞ்சள் தரை, சிவப்பு எழுத்து, ஒரு கட்டு நோட்டு. அவர் எழுதியதிலேயே நல்ல எழுத்து என்று இன்னும் சொல்லுவார். மறுநாள் காலையில் அதன்மேல் சாணி. யாரோ கரைத்து, வாளியோடு வீசியிருந்தார்கள்.

அப்பா கழுவித் திரும்ப எழுதினார். திரும்பவும் சாணி. மூன்றாம் தடவை எழுதிவிட்டு ராத்திரி காவல் உட்கார்ந்தார். நானும் கூட இருந்தேன். விடிகிற நேரம் பால்கார அத்தை வந்தது. ஒளிந்தெல்லாம் வரவில்லை. வாளியை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தே கேட்டது. ‘எம் புருசன் மாட்ட வித்து சீட்டு வாங்கிருக்கான் ஆர்ட்டிஸ்ட்டு. நீ எழுதுன கையி, நீயே சொல்லு. நான் எங்க போயி அடிக்கட்டும்?’

அப்பா ஒன்றும் பேசவில்லை. அத்தை சாணியை வீசிவிட்டுப் போனது. அப்பா கடைக்காரருக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சுவர்க்காரர் சுண்ணாம்பு அடித்துக்கொண்டார். அதோடு ஊரில் லாட்டரி நின்றுவிட்டதா என்றால், இல்லை. அருப்புக்கோட்டைக்குப் போய் வாங்கினார்கள். அத்தை வீட்டுக்கு மாடும் திரும்ப வரவில்லை. அப்பா அப்புறம் எழுதிய எல்லாமே நல்லதும் இல்லை, பீடிக்கும் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தச் சுவர் எல்லோருக்கும் ஒரே சுவராக இருந்தது. அத்தைக்கும் அவர் புருஷனுக்கும் பஸ்ஸில் போகிறவனுக்கும் ஒரே எழுத்துதான் தெரிந்தது. அதனால் அதில் சாணி அடிக்க முடிந்தது. மூலையில் பேர் இருந்ததால் கேட்கவும் ஆள் இருந்தது.

2000க்குப் பின் சில வருஷங்களில் ஃபிளெக்ஸ் வந்தது. அப்பாவின் பிரஷ்கள் மண்ணெண்ணெய் டப்பாவிலேயே விறைத்துப்போயின. அப்புறம் சீமைக் கருவேலம் வெட்டி மூட்டம் போட்டார், மல்லிக்கும் மிளகாய்க்கும் கூலிக்குப் போனார். அந்தக் காசில்தான் நான் படித்தேன்.

*

தம்பி ரம்மியில் விட்டது ஒரே ராத்திரியில் இல்லை. எட்டு மாசம். எங்கள் யாருக்கும் தெரியாது. தெரிய வழி இல்லை. அவனுக்கு வந்த விளம்பரம் எங்கள் யாருக்கும் வரவில்லை. ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், ஒரே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு, அவன் வேறொரு சுவருக்கு முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தான். ஒருமுறை ஆடியவனுக்குத் திரும்பத் திரும்ப அதுதான் வரும். அம்மாவுக்கு அந்த விளம்பரம் ஒரு தடவை வந்திருந்தால் போதும், ‘என்னடா இது கருமம்’ என்று கேட்டிருப்பார். அந்த ஒரு கேள்வி வீட்டுக்குள் வந்திருக்கும். அவனைக் காப்பாற்றியிருக்குமா என்று சொல்ல மாட்டேன். கேள்வி வந்திருக்கும்.

2022இல் ஐபிஎல்லின் ஐந்து வருஷ ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. டிவிக்கு ஒரு நிறுவனம், இணையத்துக்கு வேறு நிறுவனம். இவ்வளவு பணம் பார்க்கிறவர்களிடமிருந்து நேராக வராது, விளம்பரம் வழியாகத்தான் வர வேண்டும். எல்லோருக்கும் பொதுவாகக் காட்டுவதைவிட, யாருக்கு எது எடுபடும் என்று தெரிந்து காட்டினால் விலை கூடும். கணக்கு அவ்வளவுதான். இதில் தனியாகக் கெட்டவர் யாரும் தேவையில்லை. நானே இருக்கிறேனே.

அந்த மே மாதம் லீவு முடிந்து நான் திரும்பிப் போனபோது எங்கள் குழு ஒரு சோதனைக் காட்சி தயாரித்துக்கொண்டிருந்தது. ஒரே கோல், நான்கு வகைப் பார்வையாளர், நான்கு பலகை. நான்காவது ஒரு பந்தயத் தளம். எந்த வகைக்கு அது என்று குறிப்பில் போட்டிருந்தது: வயது 21 முதல் 30, இரவில் பார்ப்பவர், முன்பு இதுபோன்றதைத் தொட்டவர். என் தம்பியின் வயது 27. கோல்கீப்பர் பாய்கிற இடத்தில் அந்தப் பலகைமேல் நிழல் சரியாக விழவில்லை என்று வேலை என்னிடம் வந்தது. நான் செய்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து, விளக்குக் கம்பம் நாலுக்கும் தனித்தனியாக நிழல் போட்டு, ஓரத்தைக் கொஞ்சம் கலைத்து. நன்றாக வந்தது. பாராட்டினார்கள்.

அன்று கூட்டத்தில் இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, பலகை மூலையில் சின்னதாக ஒரு குறி, ‘இது அரங்கத்தில் இல்லை’ என்று. இரண்டு, யாருக்கு எந்தப் பலகை காட்டினோம் என்பதை வெளியார் யாரும் திறந்து பார்க்கும்படி ஒரு பதிவு. ஆள் பேர் வேண்டாம், வகை போதும். முதலாவதுக்கு, பார்க்கிற அனுபவம் கெடும் என்றார்கள். இரண்டாவதுக்கு, வாடிக்கையாளரின் ரகசியம் என்றார்கள். இரண்டும் கோபமில்லாமல், நியாயமாகவே சொல்லப்பட்டன. நான் வேலையை விடவில்லை. வீட்டுக் கடன் இருக்கிறது, அம்மா சங்கிலி இருக்கிறது. இதை எழுதும்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

சட்டம் என்ன செய்தது என்று கேட்கலாம். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டின் தடைச் சட்டம் வந்தது. நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறன் சார்ந்தவை என்று தடையிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடுத்து நாடாளுமன்றமே சட்டம் போட்டது. இந்திய அணியின் சட்டையில் இருந்த பேர்கூட இறங்கியது. நல்லது. அப்பா தொலைபேசியில் ‘லாட்டரி மாதிரி இதையும் மூடிட்டாகளாமே’ என்றார். மூடியது பொருளைத்தான். ஒவ்வொருவருக்கும் தனிச் சுவர் எழுப்புகிற வேலை அப்படியேதான் இருக்கிறது. நாளைக்கு அதில் அவசரக் கடன் வரலாம், மருந்து வரலாம், ஓட்டு வரலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமல் வரும்.

*

போன கோடையில் கண்மாய்க்குள் டென்னிஸ் பால் டோர்னமெண்ட். தண்ணீர் வற்றி, கரிசல் வெடித்துக் கிடந்த இடத்தில் மண் நிரப்பிப் பிச் போட்டிருந்தார்கள். கரையில் கட்டிய ஃபிளெக்ஸில் பரிசு கொடுத்தவர்கள் பேர் வரிசையாக இருந்தது. முதல் பரிசு, இரண்டாம் பரிசு, குடிதண்ணீர் உபயம். கரையில் எங்கே நின்றாலும் அதே பேர்கள்தான். ஒருவர் பேரை விட்டுவிட்டார்கள் என்று மைக்கைப் பிடுங்கி அரைமணி நேரம் சண்டை நடந்தது. சண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது.

திரும்பி வருகையில் பஸ் ஸ்டாப்பில் பால்கார அத்தை உட்கார்ந்திருந்தது. கண் புரை. குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தது.

‘ஆர்ட்டிஸ்ட்டு மவனாய்யா? பெங்களூர்ல என்ன வேல பாக்க?’

கம்ப்யூட்டர் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். என்னவோ வாயில் வந்துவிட்டது. ‘அப்பா பார்த்த வேலதான் அத்தை. விளம்பரம் எழுதுறேன்.’

அத்தை எதிர்ச்சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பியது. அதில் இப்போது ஒரு கட்சியின் பேரும் ‘2026 வரை’ என்றும் எழுதியிருக்கிறது. அத்தைக்கு அது தெரியாது.

‘எந்தச் செவத்துல?’ என்று கேட்டது.

பஸ் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.